காற்று மெத்தை: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு செவிலியரோடு ஐந்து நாட்கள்

முதல் நாள், திங்கள்

மதுரையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட பேருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என நின்று நின்று வந்து, கம்பத்தில் என்னை இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. ஜூன் மாத நடுப்பகுதி. முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டதால் சாலையின் இருபுறமும் நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருந்தன. மலையிலிருந்து இறங்கும் காற்று, ஜன்னலோரத்தில் இருந்தவர்களையெல்லாம் துண்டை எடுத்துத் தலையில் சுற்ற வைத்தது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் பெரியம்மா. கருப்பை வாய்ப் புற்றுநோயின் கடைசி மூன்று மாதங்களை அவர் வீட்டிலேயே கழித்தார். வாரம் இருமுறை ஒரு செவிலியர் வந்து போனார். அவர் வந்து போன அந்த நாற்பது நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் அந்தச் செவிலியருக்கு என்ன நடந்தது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தக் கேள்வி எழுந்தது. கம்பம் பகுதியில் வீடு தேடிச் சென்று நோய் தணிப்புச் சிகிச்சை, அதாவது தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை தரும் ஒரு சிறு அறக்கட்டளை, நோயாளிகளின் சம்மதத்தோடு ஐந்து நாள் உடன் வர என்னை அனுமதித்தது. ஊர்ப் பெயர்களையும் வீட்டு அடையாளங்களையும் வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் எழுதுகிறேன்.

செவிலியருக்கு வயது நாற்பத்திரண்டு. பத்து வருடம் தனியார் மருத்துவமனைப் பணி, பிறகு கோழிக்கோட்டில் பயிற்சி, கடந்த ஏழு ஆண்டுகளாக இந்த வேலை. முதல் அரை மணி நேரத்திலேயே நான் அவரை அக்கா என்று அழைக்கத் தொடங்கிவிட்டேன். வண்டி ஒரு பழைய ஆம்னி வேன். அதன் பக்கவாட்டில் ஏதோ எழுத்துகளை அழித்து மறுபடி வெள்ளை அடித்த தடம் தெரிந்தது. என்ன எழுதியிருந்தது என்று ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். "புற்றுநோய்னு இருந்துச்சு. கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குற வீட்டுக்காரவுக வண்டியைத் தெருமுனையிலயே நிறுத்தச் சொல்லிட்டாக. அதான் அழிச்சிட்டோம்." அழித்த பிறகும் இரண்டு தெருக்களில் வண்டியைத் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள். அக்காவும் வெள்ளை மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, உறவுக்காரர் போல நடந்து போகிறார்.

இன்று பார்த்த வீடுகள் ஆறு. ஐந்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம்: ஒரு சிறுநீர்க் குழாய் மாற்றம், இரண்டு படுக்கைப் புண், மூக்கு வழி உணவுக் குழாய் ஒன்று, வலி தணிந்து வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டி. ஆறாவது வீட்டில்தான் வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

அவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. கணையத்தில் புற்று. அது பித்தநீர்க் குழாயை அடைத்ததால் உடம்பெல்லாம் மஞ்சள். நாங்கள் படியேறும் முன்பே மருமகள் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சள் காமாலைன்னுதான் மாமாகிட்டச் சொல்லி வச்சிருக்கோம் சிஸ்டர். வாய் தவறிச் சொல்லிறாதீக." இந்தப் பொய்யில் பாதி உண்மை இருப்பதுதான் அதன் பலம், காமாலை கண்ணுக்குத் தெரிகிறது, அதன் காரணம் தெரிவதில்லை. அக்கா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அவரது முதுகைத் திருப்பிப் பார்த்தார். அறக்கட்டளை இரவலாகக் கொடுத்திருந்த காற்று மெத்தையின் மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார். அந்த மெத்தையின் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக உப்பித் தணிவதால், உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் நீடிப்பதில்லை. புண் வராமலிருக்க அது பெரிய உதவி.

அப்போது பெரியவர் கேட்டார்: "மஞ்சக் காமாலைக்கா தாயி இத்தனை பேரு வந்து பாக்குறீக?"

மருமகளின் பார்வை அக்காவின் முகத்திலேயே நின்றது. அக்கா கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு தோணுதுய்யா?" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்றுப் பாவியாயிற்றா என்று மகனைப் பற்றி விசாரித்தார். பிறகு, "அறுப்புக்கு நான் இருக்க மாட்டேன், அதுவரைக்கும் தெரியும்" என்றார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வண்டியில் திரும்பும்போது, இதற்குப் பயிற்சி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஆனால் வகுப்பில் மருமகள் கையைப் பிடித்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். "ஆஸ்பத்திரியில அவுக நம்ம எடத்துக்கு வாராக, நாம சொல்றதுதான் சட்டம். இங்க நாம அவுக வீட்டுக்குப் போறோம். செருப்பைக் கழட்டுறதுல இருந்து எல்லாமே அவுக முறைதான்."

இரண்டாம் நாள், செவ்வாய்

காலையில் முதலில் பையைப் பார்த்தேன். இரத்த அழுத்தக் கருவி, கையுறைகள், சிறுநீர்க் குழாய்கள், தோலுக்கடியில் மருந்து செலுத்தப் பயன்படும் பட்டாம்பூச்சி ஊசிகள், டார்ச் விளக்கு, பழைய செய்தித்தாள்கள், சொந்தச் சோப்பு, சொந்தத் துண்டு, ஒரு சிறு கல்லுரல். உரல் எதற்கு என்பது பத்தரை மணிக்குத் தெரிந்தது.

அது சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் வீடு. பல ஆண்டுகள் புகையிலையை அடக்கிக்கொண்ட கன்னத்தில் புற்று, கதிர்வீச்சுக்குப் பிறகும் வளர்ந்து தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வாடை தாங்காமல் கட்டிலை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டார் கொடுமைக்காரர்கள் இல்லை. ஒற்றை அறை வீட்டில் மூன்று பிள்ளைகள் சாப்பிட வேண்டும். கொட்டகையில் ஈ உண்டு. ஈ இருந்தால் புண்ணில் புழு வைக்கும். வைத்திருந்தது.

அக்கா டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியைப் புண்ணின் விளிம்பில் சில நிமிடங்கள் வைத்தார். மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடியே, அந்த மனிதரிடம் அவர் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரால் பேச முடியாது. விரல்களால் பதில் சொன்னார். பதினேழாவது புழுவோடு நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. திரும்பிப் போனபோது, கொதித்து ஆறிய தண்ணீரில் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்ற கணக்கில் கலந்து புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னர் மெட்ரோனிடசோல் மாத்திரைகளை உரலில் இடித்துப் பொடியாக்கிப் புண்ணின் மேல் தூவினார். வாடையை உண்டாக்கும் கிருமிகளை அந்தப் பொடி கொல்லும். இரண்டு மூன்று நாட்களில் வித்தியாசம் தெரியும் என்றார்.

கட்டுப் போடும் துணி அந்த வீட்டுப் பழைய வேட்டிதான். வேட்டியைக் கிழித்து, மடித்து, இட்லிப் பானையில் ஆவி கட்டி வேகவைத்து எடுக்க மனைவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கடையில் வாங்கும் துணிக்கு நாள்தோறும் செலவழிக்க அவர்களால் முடியாது. ஒரு மாதம் வாங்கிவிட்டு நிறுத்தும் குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் மூடியைத் திறந்தபோது, குழிகள் கொண்ட தட்டில் வெள்ளைத் துணிச் சதுரங்கள் ஆவி பறக்க அடுக்கியிருந்தன.

பிறகு நடந்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. புண் கழுத்தின் பெரிய இரத்தக் குழாயை நெருங்கிவிட்டது. அது எந்த நாளும் உடையலாம், உடைந்தால் நிறுத்த முடியாது. இதை அந்த மனைவியிடம் சொல்லியாக வேண்டும், அதுவும் மருத்துவர் அருகில் இல்லாமல். அக்கா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், அடர்ந்த நிறத்தில் பழைய போர்வை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நாவல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதைக் கட்டிலுக்கடியிலேயே வைத்திருக்கவும், இரத்தம் வந்தால் வெள்ளைத் துணியை எடுக்காமல் இதை வைத்து அழுத்தவும், பிள்ளைகளை வெளியே அனுப்பவும், அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும், தனக்குப் போன் செய்யவும் சொன்னார். சிவப்பு பரவுவது அடர் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. பார்ப்பவரும் படுத்திருப்பவரும் மிரளாமல் இருக்கலாம். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு எங்களுக்குக் காபி போட்டார்.

அக்கா காபியைக் குடித்தார். மதியம் வரை அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதைக் காலையிலிருந்து கவனித்திருந்தேன். போகிற வழியில் ஒதுங்க இடம் இல்லாத பெண்ணின் ஏற்பாடு அது. இந்த வீட்டில் மட்டும் குடித்தார். வாடை காரணமாக அக்கம்பக்கத்தார் இங்கே கை நனைப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

மூன்றாம் நாள், புதன்

இன்று மேகமலை. சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடு ஒன்றுக்குப் போனோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் வர முடிகிறது. புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. இருட்டிய பின் வண்டிகளை விடுவதில்லை. எனவே மேலே எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பதை வனத்துறைச் சோதனைச் சாவடிதான் முடிவு செய்கிறது.

நோயாளி கொழுந்து பறிக்கும் பெண், வயது ஐம்பது. அவருக்கும் என் பெரியம்மாவின் அதே நோய். நான்கு நாட்களுக்கு முன் கணவர் கீழே வந்து, மருத்துவரிடமிருந்து கடும் வலிக்குத் தரும் மார்பின் என்ற மாத்திரையை ஒரு வாரத்துக்கு வாங்கிப் போயிருந்தார். மாத்திரை கேட்கவே இல்லை, வலி அப்படியே இருக்கிறது, ஊசி போடுங்கள் என்று வாசலிலேயே கெஞ்சினார்.

மார்பினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சி மருத்துவமனைகள் இதை வைத்திருப்பதையே விட்டன; வலியில் கிடந்தவர்களுக்கு அது எட்டாத பொருளாயிற்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் மார்பின் முதலான சில மருந்துகளை இன்றியமையாதவை என்று வகைப்படுத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தது. சட்டம் தளர்ந்தாலும் செவிலியரின் கை தளரவில்லை. அளவை ஒரு மில்லிகிராம் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. மருத்துவர் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் கேட்க போன் வேண்டும். லயன் வீட்டில் சிக்னல் கிடையாது.

போனைத் தேடிப் போகும் முன் அக்கா ஒரு காரியம் செய்தார். சோற்றுத் தட்டைக் கழுவித் துடைத்து வாங்கி, மீதி மாத்திரைகளை அதில் கொட்டி எண்ணினார். பத்து மில்லிகிராம் மாத்திரை; காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று, இரவு பத்து மணிக்கு இரண்டு. நாளொன்றுக்கு 6, வாரத்துக்கு 42. நான்கு நாளில் 24 தீர்ந்து 18 மிஞ்சியிருக்க வேண்டும். தட்டில் இருந்தவை 31.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அது கடைசிக் கட்டத்துக்கான மருந்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்று வேறு யாரோ. அதனால் அந்தப் பெண் அலறும்போது மட்டும் ஒன்று கொடுத்திருக்கிறார். வலி தலைக்கேறிய பிறகு கொடுக்கும் மாத்திரை அதைத் துரத்திப் பிடிக்கவே நேரம் போதாது. மணிக்கணக்குப்படி கொடுத்தால்தான் வலி எழும் முன்பே மருந்து உடம்பில் இருக்கும். அக்கா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நாள்காட்டியின் பின்பக்கத்தில் ஐந்து வட்டம் வரைந்து, சூரியன் ஏறி இறங்குவதைக் காட்டி, கடைசி வட்டத்தில் பிறையும் இரண்டு மாத்திரையும் போட்டுச் சுவரில் ஒட்டினார். அளவு போதாமல் இல்லை, கொடுத்தது போதவில்லை. அன்றைக்கு எந்த மருத்துவ அறிவைவிடவும் அந்தத் தட்டும் எண்ணிக்கையும் பெரிதாக உதவின என்பேன்.

இன்னொன்றும் இருந்தது. மார்பினோடு கட்டாயம் சேர்த்துத் தர வேண்டிய மலமிளக்கி பிரிக்கப்படாமலேயே கிடந்தது. ஆறு நாட்களாக வயிறு போகவில்லை. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சேலையின் ஒரு முனையை ஆணியிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்து மறைப்புக் கட்டி, கையுறை போட்டு விரலாலேயே இறுகிய மலத்தை எடுத்தார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம். அந்தப் பெண் அழுதது வலியால் அல்ல, வெட்கத்தால். "எங்கம்மாவுக்கும் நான்தான் செஞ்சேன்" என்றார் அக்கா. பின்னர் வண்டியில், அது உண்மையில்லை என்று எங்களிடம் சொன்னார். அவருடைய அம்மா நன்றாக இருக்கிறாராம்.

நடந்ததையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல, அரை கிலோமீட்டர் ஏறி ஒரு பாறை மேல் நின்று போன் பேசினார். சோதனைச் சாவடியைக் கடந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

நான்காம் நாள், வியாழன்

இதை மதியம் எழுதுகிறேன். இரவு நாங்கள் தூங்கவில்லை.

புதன் இரவு பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. மஞ்சள் காமாலை என்று சொல்லி வைக்கப்பட்டிருந்த பெரியவருக்குத் தொண்டையில் கரகரவென்று சத்தம். அறக்கட்டளையின் வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து. இரவுக்கு வண்டியும் இல்லை, படிப்பணமும் இல்லை. ஓட்டுநர் அண்ணன் தன் விருப்பத்தில் வந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிக் கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு ஏறினார். மருத்துவர் போனில் ஊசிக்கான உத்தரவைத் தந்தார். அவர் வர விடியும்.

வீட்டில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்திருந்த இளைய மகன், இப்போதே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருந்து பார்த்த மூத்தவர் பேசாமல் நின்றார். தூரத்தில் இருந்தவரின் குற்ற உணர்வுதான் இப்படிச் சத்தமாக வெளிவரும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். கொஞ்சம் சாராய வாடையும் இருந்தது. "டாக்டர் வரலையா? ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க. ஒன்னும் செய்யாம பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா வந்தீக?" என்று விரலை நீட்டிக் கேட்டார். அந்த அறையில் அக்காவுக்கு மேலதிகாரி இல்லை, காவலர் இல்லை, வெளியே போக ஒரே வாசல். ஓட்டுநர் அண்ணன் மட்டும் மெதுவாக வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா முதலில் ஊசியைப் போட்டார். தொண்டையில் சேரும் சுரப்பைக் குறைக்கும் பஸ்கோபான், தோலுக்கடியில். பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பிறகு அந்த மகனை அழைத்துத் தந்தையின் கால் பாதத்தைத் தொடச் சொன்னார். சில்லென்றிருந்தது. முழங்கால் வரை திட்டுத் திட்டாக நீலம் படர்ந்திருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். ஏற்றும் தண்ணீரை வாங்கிக்கொள்ள இந்த உடம்பால் முடியாது, அது நுரையீரலில் போய்த் தேங்கும், சத்தம் கூடும். வண்டியில் ஏற்றினால் ஆண்டிபட்டிக் கணவாயிலேயே முடிந்துவிடலாம் என்று சொன்னார். தாழ்ந்த குரலில், ஒரு முறைதான். மகன் பாதத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணிவாக்கில் பெண்கள் பால் கொண்டுவந்தார்கள். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பால் ஊற்றுவதும், அதற்கும் பிரியாவிட்டால் அவர் நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவதும் இங்கே வழக்கம். விழுங்கும் சக்தி இல்லாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில்தான் இறங்கும். கூடாது என்று தடுத்தால், மகனும் மகளும் செய்ய வேண்டிய கடைசிக் கடமையைப் பறித்தவராகிவிடுவார் அக்கா. அவர் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். உருட்டி, பாலில் தோய்த்து, பிழிந்து, மூத்த பேத்தியின் கையில் கொடுத்து உதட்டில் தடவச் சொன்னார். வரிசையாக எல்லோரும் வந்து தடவினார்கள். மண் கரைசலுக்கும் அதே பஞ்சுதான். நாற்றங்கால் மண்ணைத்தான் எடுத்து வந்திருந்தார் மூத்த மகன்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு மூச்சு நின்றது. அப்போதும் அக்கா, இறந்துவிட்டார் என்று அறிவிக்கவில்லை. அதைச் சொல்ல மருத்துவர் வேண்டும். "அய்யா அமைதியாயிட்டாரு" என்றார். ஆறரைக்கு மருத்துவர் வந்து உறுதி செய்யும் வரை, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீட்டைத் தாங்கினார்.

வண்டியில் ஏறியதும், நாற்று எத்தனை நாளில் நடவுக்கு வரும் என்று ஓட்டுநரிடம் கேட்டார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஒன்பது மணிக்கு அடுத்த வீடு இருந்தது. போனார்.

ஐந்தாம் நாள், வெள்ளி

அறக்கட்டளையின் வழக்கப்படி, இறப்புக்குப் பிறகும் ஒருமுறை போவார்கள். நாங்கள் போனபோது ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். மருமகள் மீதி மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அக்கா எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். திரும்ப வந்த மார்பினுக்குக் கணக்கு இருக்க வேண்டும்.

பிறகு மருமகள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இறப்பை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். மருத்துவர் தரும் தாளில் காரணம் மாரடைப்பு என்று இருக்கலாமா? வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். நேற்று பால் தடவிய அதே பேத்தி. அக்காவிடம் இதற்குப் பதில் இல்லை. எழுதுவது மருத்துவர், அவர் உள்ளதைத்தான் எழுதுவார் என்றார். அந்தத் தாளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் படிக்கப் போவதில்லை என்றும் சொன்னார். மருமகள் முகம் தெளியவில்லை. எனக்கும் அந்த ஆறுதல் அரைகுறையாகத்தான் பட்டது.

கிளம்பும்போதுதான், காற்று மெத்தை எங்கே என்று அக்கா கேட்டார். அதைக் கேட்க அவருக்கு நா எழவில்லை என்பது தெரிந்தது. துக்க வீட்டில் இரவல் பொருளைத் திரும்பக் கேட்பதுதான் இந்த வேலையிலேயே தனக்குப் பிடிக்காதது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் அறக்கட்டளையிடம் இருப்பவை 11 மெத்தைகள்தான். இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன. மருமகள் திகைத்துப் போனார். இறந்தவரின் பாய், தலையணையோடு சேர்த்து அதையும் யாரோ நேற்றே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். மோட்டார் மட்டும் கட்டிலடியில் இருந்தது.

சுடுகாட்டு ஓரத்தில், ஓடைக்கரைக் கருவேல மரத்தடியில் கிடந்தது. ஓட்டுநர் அண்ணன் இறங்கிப் போய் எடுத்து வந்தார். இரண்டு குழாய்களில் முள் குத்தியிருந்தது. சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டார்கள்; கடைக்காரர் இது என்ன என்று கேட்டதற்கு அண்ணன், படுக்கிற மெத்தை என்று மட்டும் சொன்னார். ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரால் மூவருமாகத் தேய்த்துக் கழுவி, வண்டியின் கூரை மேல் விரித்துக் கயிறு கட்டினோம். காற்றுக்கு அது படபடத்துக்கொண்டே வந்தது. என்னைக் கம்பம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டபோது முக்கால் வாசி காய்ந்திருந்தது. மாட்டுக் கொட்டகையில் படுத்திருப்பவருக்கு இன்று மாலையே அதைப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார்கள். கொட்டகைக்கு மின் இணைப்பு இல்லை. வீட்டிலிருந்து ஒயர் இழுக்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று அக்கா போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.